தும்பும் தொழில்வாய்ப்பும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு விவாதம்

மெத்தை, கால்மிதி, திரைச்சீலை, தளபாடம் முதலான வீட்டுப் பொருள்களை விற்கும் பெருநிறுவனமொன்று அந்நிய நாடொன்றிற் புதிய கிளையைத் திறக்கும்போது, அச்செய்தியில் தவறாது இடம்பெறும் ஓர் எண் உண்டு. அக்கிளை உருவாக்கும் வேலைவாய்ப்புகளின் தொகையே அது. முதலீட்டின் அளவினும் கடையின் பரப்பினும் அந்த எண்ணே பெரிதாகத் தலைப்பில் அச்சாகின்றது. அமைச்சர் நாடா வெட்டுகின்றார், பத்திரிகை வாழ்த்துகின்றது, வாசகர் மகிழ்கின்றார். வேலையின்மை தீரா நோயாகிவிட்ட நாடுகளில் இம்மகிழ்ச்சி இயல்பானதே. அதனை ஏளனஞ் செய்தல் எவருக்கும் அழகன்று.

எனினும், அந்த எண் எவரை எண்ணுகின்றது, எவரை எண்ணாது விடுகின்றது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. விற்பனைப் பகுதியில் நிற்பவரும், காசு வாங்குபவரும், களஞ்சியத்தில் பொதி தூக்குபவரும் அதில் அடங்குவர். அக்கடையில் விரிக்கப்பட்டிருக்கும் மெத்தையின் உட்பொருளை உரித்து, ஊறவைத்து, அடித்து, உலர்த்திக் கொடுத்தவர் அதில் அடங்குவதில்லை. பண்டமொன்றின் பயணத்திற் கடைசிக் கண்ணியை மட்டும் எண்ணிவிட்டு, அதனை முழுச் சங்கிலியின் நன்மையாகக் காட்டும் கணக்கு அரைக்கணக்கேயாகும். இக்குறையை விளங்கிக்கொள்ளத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தெற்கே மகா ஓயாவின் முகத்துவாரந் தொடங்கி வடக்கே பொன்பரப்பி வரை நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டக் கரையோரமே அதற்குப் போதிய சான்று தரும்.

கடையின் வரலாறு உணர்த்துவது

வீட்டுப்பொருள் வணிகம் நாடு கடந்து பரவியமைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு சுவீடன் நாட்டின் ஐக்கியா நிறுவனம். 1943 ஆம் ஆண்டில் இங்வார் கம்பிராட் என்ற பதினேழு வயது இளைஞர் அதனைத் தொடங்கினார். 1958 இல் எல்ம்ஹுல்ட் என்னுமிடத்தில் அதன் முதற் பெருங்கடை எழுந்தது. நாட்டுக்கு வெளியே அது முதலிற் கடை திறந்தது நோர்வேயில், 1963 இல். பின்னர் 1973 இல் சுவிற்சர்லாந்திலும், 1974 இல் மேற்கு ஜேர்மனியிலும் காலூன்றிற்று. வணிகப் பாடநூல்கள் இவ்வரிசையையே வளர்ச்சியின் வரலாறாக எடுத்துரைக்கின்றன.

இவ்வரிசையில் இடம்பெறாத மற்றோர் ஆண்டு உண்டு, அது 1961. விலையைக் குறைத்து விற்றமையாற் சினமுற்ற சுவீடன் தளபாட உற்பத்தியாளர் அந்நிறுவனத்தைப் புறக்கணித்தபோது, அது போலந்து நாட்டின் தொழிற்சாலைகளை நாடிச் சென்றது. அங்கே உற்பத்திச் செலவு மிகக் குறைவாயிருந்தது. அதாவது, நோர்வேயில் விற்பதற்காக எல்லையைக் கடப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, மலிவாக வாங்குவதற்காக அது எல்லையைக் கடந்துவிட்டது. மலிவான கொள்முதலே கடையின் விரிவுக்கு அடித்தளமாயிற்று. இவ்வுண்மை மனங்கொள்ளப்படாதவிடத்து, கடை விரிவடைவதனால் வேலை பெருகுகின்றது என்ற கூற்று பாதியிலேயே நின்றுவிடும்.

மலிவு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகள் சில வேளைகளிற் கசப்பானவை. கிழக்கு ஜேர்மனியின் அரசியற் கைதிகள் அந்நிறுவனத்துக்கான பொருள்களைச் செய்வதில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர் என்பதை, அந்நிறுவனமே பணித்த ஆய்வொன்று 2012 இல் உறுதிப்படுத்திற்று. நிறுவனமும் வருத்தந் தெரிவித்தது. 2024 இல் அதன் ஜேர்மானியக் கிளை, பாதிக்கப்பட்டோருக்கான நிதியத்துக்கு 60 இலட்சம் யூரோ வழங்க இசைந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த உழைப்பு, அதனைச் செய்தவர் முதுமையடைந்த பின்னரே கணக்கில் ஏறிற்று. அந்நிறுவனத்தை மட்டும் பழிப்பதற்காக இச்செய்தி இங்கு எடுத்தாளப்படவில்லை. எண்ணப்படாத உழைப்பு தானாகவே கணக்கில் ஏறுவதில்லை. எவரேனும் ஒருவர் தேடி எடுத்து எழுதினாலன்றி அது மறைந்தே கிடக்கும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இப்போக்கு மேலைநாட்டவர்க்கு மாத்திரம் உரியதன்று. இலங்கையில் வளர்ந்த டம்ரோ நிறுவனம் இந்தியாவிலும், குறிப்பாகத் தமிழ்நாட்டு நகரங்களிலும், தன் காட்சியறைகளைத் திறந்துள்ளது. நம் நாட்டு நிறுவனம் கடல் கடந்து சென்றது என்று பெருமிதங் கொள்வோர், அந்நிய நிறுவனத்தை நோக்கி எழுப்பும் அதே வினாவை உள்நாட்டு நிறுவனத்தை நோக்கியும் எழுப்பக் கடமைப்பட்டவராவர். முதலாளியின் கடவுச்சீட்டு எந்நாட்டுக்குரியது என்பதால் மட்டை உரிப்பவரின் கூலி மாறிவிடுவதில்லை.

கரையோரத்தின் தொழில்

குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மாவட்டங்கள் சேர்ந்தமைந்த நிலப்பரப்பு தெங்கு முக்கோணம் என்று பெயர் பெற்றது. புத்தள மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள லுணுவிலையில் 1929 ஆம் ஆண்டிலேயே தெங்கு ஆராய்ச்சிக்கென ஓர் அமைப்பு நிறுவப்பட்டமை இப்பிரதேசத்தின் முதன்மையைக் காட்டும். வென்னப்புவை, மாரவில, மாதம்பை, சிலாபம் ஆகிய ஊர்களின் ஊடாகச் செல்பவர் தென்னந்தோட்டங்களையும், அவற்றின் ஓரங்களில் ஊறற்குழிகளையும் தும்பாலைகளையும் காண்பர். தேங்காயின் பருப்பு எண்ணெய்க்கும் துருவலுக்கும் போக, எஞ்சும் மட்டையே இவ்வாலைகளின் மூலப்பொருள்.

உலகச் சந்தைக்குச் செல்லும் தென்னந்தும்பின் பெரும்பங்கு இந்தியாவிலும் இலங்கையிலுமிருந்தே செல்கின்றது. இலங்கையின் தென்கரையிற் பச்சை மட்டையை உப்பங்கழிகளில் நெடுங்காலம் ஊறவைத்து வெண்தும்பு எடுப்பர். தெங்கு முக்கோணத்தில் முற்றிய மட்டையிலிருந்து கபிலநிறத் தும்பு எடுக்கப்படுகின்றது. சில வாரங்கள் குழியில் ஊறிய மட்டையை, ஆணிகள் பதித்துச் சுழலும் உருளையின் முன் தொழிலாளி கையாற் பிடிக்கின்றார். குட்டையான தும்பு உதிர்ந்து விழும்; அது மெத்தைத் தும்பு. நீண்டு முரடாய்க் கையில் எஞ்சுவது தூரிகைத் தும்பு. அதனைப் பெண்கள் கழுவி, வெயிலில் உலர்த்தி, இரும்புச் சீப்பிலே இழுத்துச் சீவி, நீளத்துக்கேற்ப வகைப்படுத்திக் கட்டுகின்றனர். ஒரு கட்டு, இரு கட்டு, முக்கட்டு என அதன் தரங்கள் வழங்கப்படும். உருளை பிடிப்பவரின் கை ஆணிகளுக்கு அணித்தே இயங்குகின்றது. தூசி சுவாசத்தோடு கலக்கின்றது. குழியின் நாற்றம் உடையைவிட்டு நீங்குவதில்லை. அண்மைக் காலங்களில் மட்டையை நேரே அடிக்கும் பொறிகள் பல ஆலைகளுக்கு வந்துவிட்டன. அவற்றாற் கையின் ஆபத்துக் குறைந்தது. தரம் பிரிக்கும் கைத்திறனுக்கிருந்த தேவையும், அத்திறனுக்குரிய கூலியும் கூடவே குறைந்தன.

இவ்வேலையிற் பெரும்பகுதிக்குக் கொடுக்கப்படுவது மாதச் சம்பளமன்று. மட்டைக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்ற கொந்தராத்துக் கணக்கே வழக்கிலுள்ளது. வீட்டிலிருந்து கயிறு திரிப்பவருக்கும், தும்புத்தடியும் கால்மிதியும் செய்பவருக்கும் நிலைமை அதுவே. மழை பெய்து தும்பு உலராவிட்டாற் கூலியில்லை. மட்டை வராவிட்டாற் கூலியில்லை. 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில் விளைச்சல் குன்றித் தேங்காயொன்றின் விலை 200 ரூபாவைத் தாண்டியபோது, நகரத்துச் சமையலறையின் முறைப்பாடு நாடெங்கும் ஒலித்தது. தேங்காய் குறைந்தால் மட்டையும் குறையும், மட்டை குறைந்தால் ஆலையின் அடுப்படிகளும் குளிரும் என்பதைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பெயரிழக்கும் பண்டம்

தும்பின் பெறுமதி அது கரையை விட்டு நீங்கிய பின்னரே ஏறத் தொடங்குகின்றது. தும்பை முறுக்கிக் கயிறாக்கிச் சுருள வைத்து, மீண்டும் பிரித்து, இறப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்தினால் மெத்தைக்குரிய தகடு கிடைக்கும். தென்னையும் இறப்பரும் ஒருங்கே விளையும் இலங்கையில் இத்தொழில் செழிப்பதற்கு இயற்கை தடை செய்யவில்லை. உள்நாட்டில் முடிவுப்பொருள் செய்யும் ஆலைகளும் உள்ளன. 1878 இல் காலியில் தொடங்கப்பட்ட ஹேலிஸ் போன்ற பழைய நிறுவனங்கள் இத்துறையில் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளன. அவ்வாறிருந்தும், சிப்பமாகக் கட்டப்பட்ட தும்பு மூலப்பொருளாகவே பேரளவிற் கப்பலேறுகின்றது. இந்நூற்றாண்டிற் சீனாவின் மெத்தைத் தொழில் அதன் பெருங் கொள்வனவாளராக எழுந்தது. அங்கு மெத்தையாகி, உறையிடப்பட்டு, கடையின் பெயர் பொறிக்கப்பட்டு மூன்றாவது நாடொன்றின் படுக்கையறையை அது அடையும்போது, மாதம்பையோ சிலாபமோ அதில் எங்கும் இல்லை.

இதற்கு மறுதலையான உதாரணம் இதே மாவட்டத்தில் உண்டு. தங்கொட்டுவையில் 1984 இல் நிறுவப்பட்ட போர்சலின் தொழிற்சாலையின் பீங்கான் தட்டு எந்நாட்டு மேசைக்குச் சென்றாலும், அதனைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கு அடியில் தங்கொட்டுவை என்ற ஊர்ப்பெயர் தெரியும். முடிவுப்பொருள் பிறந்த இடத்தைத் தன்னுடன் கொண்டு செல்கின்றது. மூலப்பொருளோ அதனைத் துறைமுகத்திலேயே இழந்துவிடுகின்றது. பெயர் இழக்கப்படுமிடத்துப் பொறுப்பும் இழக்கப்படுகின்றது. தட்டைச் செய்தவர் எவர் என்று கேட்க முடியும். மெத்தைக்குள் இருக்கும் தும்பைச் சீவியவர் எவர் என்று கேட்பதற்கு வழியே இல்லாமற் போகின்றது.

தும்புத்தூளின் கதையும் இதனையே வலியுறுத்தும். ஒரு காலத்தில் ஆலைகளின் பின்புறத்தில் மலைபோற் குவிந்து கழிவாகக் கிடந்த தூள், மேலைநாட்டுப் பசுமையில்லங்களில் மண்ணுக்குப் பதிலாகப் பயன்படத் தொடங்கியதும் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் உலர்களம் அமைக்க நிலமும், அழுத்துவதற்குப் பொறியும், வெளிநாட்டுக் கொள்வனவாளரின் முகவரியும் உடையவரே அதனாற் செல்வரானார். குவியலுக்கருகே தலைமுறையாக வாழ்ந்தவர் அதே வெயிலில் அத்தூளைக் கிளறி உலர்த்தும் கூலியாளராயினர். சந்தை விரிந்தது, அவர் நிற்குமிடம் மாறவில்லை.

"இல்லாததிலும் மேல்" என்ற வாதம்

இக்குறைகளை எடுத்துரைக்கும்போது ஒரு மறுமொழி உடனே எழும். அந்தக் கடை இல்லையெனில் இந்தக் கூலியும் இல்லை. அரை வயிறேனும் நிரம்புவது முழுப்பட்டினியிலும் மேலன்றோ என்பதே அது. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மாற்றுத் தொழில் இல்லாத ஊரில் தும்பாலை மூடப்பட்டால் முதலிற் பட்டினி கிடப்பவர் அவ்வாலையின் பெண்களே. வெளிநாட்டு வணிகத்தையே துறந்துவிட வேண்டும் என்ற தீவிர கோஷம் அவர்களுக்கு எந்த விடிவையும் தாராது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தின் அனுபவம், கதவை மூடுவதனால் மாத்திரம் உழைப்பாளி உயர்ந்துவிடுவதில்லை என்பதைக் காட்டிற்று. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம், கதவைத் திறப்பதனால் மாத்திரமும் அவர் உயர்ந்துவிடுவதில்லை என்பதைக் காட்டிற்று.

எனினும், "இல்லாததிலும் மேல்" என்பது ஒரு தராசாக ஏற்கப்படுமாயின், எந்தக் கூலியும் நியாயமாகிவிடும்; எந்த அவலத்துக்கும் அதனினும் கீழான ஒன்றை ஒப்புக்காட்ட முடியும். நியாயமான தராசு வேறு. பண்டத்தின் இறுதி விலை உயரும்போது அதனை முதலிற் தொட்டவரின் பங்கும் உயர்ந்ததா என்பதே அத்தராசு. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி இதற்கொரு கடுஞ்சோதனையாக அமைந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவளவை எட்டிற்று. டொலரில் விற்பவருக்கு அதே சிப்பம் ஏறக்குறைய இரு மடங்கு ரூபாவைக் கொணர்ந்தது. செப்டெம்பரிற் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது; உணவுப் பொருள்களின் விலையேற்றம் அதனினும் மிகுந்தது. அரிசியும் மண்ணெண்ணெயும் ரூபாவிலே வாங்கியவளுக்குக் கட்டுக் கூலி அதே விகிதத்தில் ஏறிற்றா? ஏறிற்று எனின் அதற்கான கணக்கைக் காட்டுவது, வேலைவாய்ப்பின் பெயரால் வாழ்த்துப் பெறுவோரின் பொறுப்பு. அத்தகைய கணக்கைக் கேட்கும் பழக்கமே இந்நாட்டில் வேரூன்றவில்லை.

இக்கரை இவ்வாதத்தை முதன்முறையாகக் கேட்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1980 களில் இறால் பண்ணைகள் புத்தளம், முந்தல், சிலாபம் பகுதிகளில் பெருகின. அன்றும் வேலைவாய்ப்பே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. கண்டற் காடுகள் அழிக்கப்பட்டுக் குளங்கள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பல குளங்கள் கைவிடப்பட்டன. முதலீட்டாளர் வேறிடம் நாடினர். உவர்நிலமும் இழந்த மீன்வளமும் ஊரவருக்கு எஞ்சின. நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கி 900 மெகாவாற்றாக வளர்ந்த அனல்மின் நிலையம் நாட்டுக்கு ஒளி தந்தது. அங்கே மீனவரும் விவசாயிகளும் எழுப்பிய எதிர்ப்புக்கும் அபிவிருத்தி என்ற சொல்லே விடையாக வழங்கப்பட்டது. மூன்று தலைமுறையாக இக்கரையோரம் வாக்குறுதிகளை வரவேற்று வந்துள்ளது. நிபந்தனை விதிக்கும் உரிமை அதற்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை.

இங்கு மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்திலே தஞ்சமடைந்தனர். கையிலே ஏதுமின்றி வந்தவர் கிடைத்த கூலிக்கு உழைத்தனர். கூலி தாழ்ந்தமைக்கு வந்தவரே காரணம் என்ற மனக்கசப்பு ஊரவரிடையே தோன்றிற்று. உண்மையிற் கூலிக்குக் கீழெல்லை ஒன்று நடைமுறையில் இருந்திருக்குமாயின், அகதியின் பசி அயலவரின் கூலியைக் குறைத்திராது. கீழெல்லை இல்லாத இடத்தில் ஏழை ஏழைக்குப் போட்டியாகின்றான். அப்போட்டி இனப்பகையாகவும் உருமாறுகின்றது. வேலைவாய்ப்பை எண்ணிக்கையாக மாத்திரம் நோக்குவதன் விலை பொருளாதாரத்தோடு நின்றுவிடுவதில்லை.

சட்டமும் நடைமுறையும்

இலங்கையிற் சட்டம் இல்லாமலில்லை. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1980 இன் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டம் ஆகியன ஆசிய நாடுகளிடையே இலங்கைக்கு நற்பெயரைத் தேடித்தந்தவை. மெத்தைத் தும்பு, தூரிகைத் தும்பு ஏற்றுமதித் தொழிலுக்கெனவே ஒரு சம்பளச் சபை உண்டு. 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபாவை வரையறுத்தது. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டு 2024 இல் 17,500 ரூபாவாயிற்று. சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும்.

ஆனால் இச்சட்டங்கள் யாவும் தொழிலாளி ஒருவர், தொழில்கொள்வோர் ஒருவர், வரவுப் பதிவேடு ஒன்று என்ற அமைப்பை முன்கொண்டு எழுந்தவை. மூன்று ஆலைகளில் மாறி மாறிக் கட்டுக்கணக்கில் உழைப்பவளுக்குத் தொழில்கொள்வோர் யார்? திண்ணையிலிருந்து கயிறு திரித்துத் தரகரிடம் நிறுத்துக் கொடுப்பவள் தொழிலாளியா, சிறு வியாபாரியா? விடை தெளிவற்றிருக்கும்வரை சேமலாப நிதியும் தெளிவற்றே இருக்கும். வீட்டிலிருந்து செய்யும் ஊதியவேலையும் தொழிலே என்பதைச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996 இன் 177 ஆம் இலக்கச் சமவாயத்தால் வரையறுத்தது. அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகள் சிலவே. இலங்கை அவற்றுள் ஒன்றன்று.

அயலிலுள்ள கேரளத்தின் அனுபவம் இவ்விடத்து ஆராயத்தக்கது. 1859 இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் முதற் கயிற்றுத் தொழிற்சாலையை நிறுவினார். 1922 இல் அங்குத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. 1946 இல் புன்னப்பிரை, வயலார் எழுச்சியில் உயிர்நீத்தோருட் கயிற்றுத் தொழிலாளர் பலர். 1953 இல் இந்திய நடுவண் அரசு கயிற்றுத் தொழிற் சட்டத்தை இயற்றி அதன் வழியே கயிற்று வாரியத்தை அமைத்தது. சங்கமும் கூட்டுறவும் கூலியை உயர்த்தின என்பதில் ஐயமில்லை. எனினும் 1970 களிற் பொறிகளின் வருகையைச் சங்கங்கள் எதிர்த்து நின்றபோது, பொறிமயமான கபிலத்தும்புத் தொழில் பொள்ளாச்சி முதலான தமிழ்நாட்டுப் பகுதிகளில் வளரலாயிற்று. பொறியைத் தடுப்பதாற் கூலியைக் காக்க முடியாது. பொறியால் வரும் மிகுதியிற் பங்கு கேட்பதாலேயே காக்க முடியும் என்பது கேரளம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். புத்தளம் அதனை விலையின்றிக் கற்றுக்கொள்ளலாம்.

கேட்கத்தக்கனவும் செய்யத்தக்கனவும்

நிபந்தனை விதித்தால் முதலீடு ஓடிவிடும் என்ற அச்சம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இந்தியா 2012 ஜனவரியில் ஒற்றை வணிகப் பெயர்ச் சில்லறைக் கடைகளில் முழு அந்நிய உடைமையை அனுமதித்தபோது, கொள்முதலில் 30 வீதம் உள்நாட்டிலிருந்து பெறப்பட வேண்டும் என்று விதித்தது. ஐக்கியா ஓடிவிடவில்லை. பேச்சுவார்த்தை நடத்திற்று, காத்திருந்தது, 2018 ஓகஸ்டில் ஐதராபாத்தில் தன் முதற் கடையைத் திறந்தது. இந்தியாவின் சந்தைப் பரப்பு இலங்கைக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் இலங்கையிடம் தும்பு உண்டு. அதனைப் பேரளவில் வழங்கும் நாடுகள் சிலவே. வாங்குபவனுக்குச் சந்தை பலமாயின், விற்பவனுக்குச் சரக்கே பலம்.

ஆகவே, கட்டுக் கூலியைச் சம்பளச் சபை ஒவ்வோராண்டும் மும்மொழியிலும் வெளியிட்டு ஆலைவாயிலில் ஒட்டச் செய்தல் வேண்டும். ஏற்றுமதி உரிமம் பெறுவோர் தும்பு பெறப்பட்ட ஆலைகளின் பட்டியலைத் தெங்கு அபிவிருத்தி அதிகார சபையிடம் கையளித்தல் வேண்டும். ஒவ்வொரு சிப்பத்துக்கும் சிறு தொகையொன்று கட்டுக்கணக்குத் தொழிலாளருக்கான சேமநிதியிற் சேர்தல் வேண்டும். 177 ஆம் சமவாயம் உறுதிசெய்யப்படல் வேண்டும். மூலத்தும்பின் ஏற்றுமதியை விட முடிவுப்பொருளின் ஏற்றுமதிக்கே அரசின் சலுகைகள் அமைதல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. நடைமுறைக்கு ஒவ்வாத கனவுமன்று.

வாங்கும் நாடுகளிலும் ஒரு வாயில் திறந்துள்ளது. ஜேர்மனியில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த வழங்கற்சங்கிலிச் சட்டம், பெருநிறுவனங்கள் தமக்குப் பொருள் வழங்குவோரிடத்து மனித உரிமை மீறல் நிகழாதவாறு பார்க்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இதையொத்த பணிப்புரையை ஏற்றது. மறு ஆண்டே அதன் நடைமுறையைப் பிற்போட்டது. ஜேர்மானியச் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. நேரடியாக வழங்குவோரையே அது முதன்மையாகக் கருதுகின்றது. அதற்கப்பாலுள்ள ஆலையைப் பொறுத்தவரை, மீறல் நிகழக்கூடும் என்பதற்கு ஆதாரமுள்ள தகவல் கிடைத்தாலன்றி நிறுவனத்தின் கடமை விழித்தெழுவதில்லை. சிலாபத்தின் தும்பாலை அத்தகைய தொலைக் கண்ணி. எனவே ஆதாரமுள்ள தகவலை எவர் திரட்டுவார் என்பதே வினா. ஆலையுடைமையாளர் திரட்டார், கடைக்காரர் திரட்டார். குழியருகே நிற்பவருக்கு நேரமும் இல்லை, அச்சட்டம் எழுதப்பட்ட மொழியும் இல்லை.

இவ்விடத்திலேயே பல்கலைக்கழகத்தின் பங்கு தொடங்குகின்றது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களைத் தொகுத்து விவரத்திரட்டு ஒன்றை வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டார்க்' என்ற நூலாக ஆங்கிலத்தில் எழுதினார். ஊரையும் புலவரையும் ஒரே அக்கறையோடு பதிந்த அம்மரபு இக்கரையோரத்துக்கே உரியது. இன்றோ புலவரைப் பதியும் ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் நிறைந்துள்ளன. ஊரைப் பதியும் ஆய்வுகள் பின்தள்ளப்பட்டன. பொருளியல் மாணவர் கூலியைக் கணக்கிடலாம். சட்ட மாணவர் தொழில்கொள்வோர் யாரெனத் துணியலாம். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒருங்கு சென்று உழைப்போரின் வாக்குமூலங்களை அவரவர் மொழியிற் பதியலாம். தமிழும் சிங்களமும் ஒரே குடும்பத்துள்ளும் மாறிமாறி ஒலித்து வந்த கரை இது. இங்கே ஒரு மொழியார் மாத்திரம் செய்யும் ஆய்வு அரை ஆய்வாகவே முடியும்.

வீட்டுப்பொருட் கடைகள் இன்னும் பல நாடுகளிற் திறக்கப்படும். வேலைவாய்ப்பின் எண்களும் இன்னும் பெரிதாக அச்சாகும். அவ்வெண்களை அச்சிடுவோர் தாமாக மாதம்பைக்கும் சிலாபத்துக்கும் வரப்போவதில்லை. அடுத்த விடுமுறையில் அங்குச் செல்வதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு குறிப்பேடும் போதும்.